கொண்டாடத் தவறிய முகம்

ஜனவரி 21, 2025, செவ்வாய்

புளி வரத்து தொடங்கிவிட்டது. முன்னறை முழுக்கச் சாக்கு. இனி ஏப்ரல் வரை வீட்டுக்குள் நடக்க எனக்கு ஒற்றையடிப் பாதைதான்.

மதிய இடைவேளையில் இயற்பியல் சரவணகுமார் சார் செல்போனை நீட்டினார். "மேடம், இது உங்க வூட்டுக்காரர்தானே?" பார்த்தேன். இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய இவர். மீசை கறுப்பு. தலையில் முடி இருக்கிறது. கீழே மஞ்சள் எழுத்தில், 'நாம் கொண்டாடத் தவறிய உளவாளி'. நாற்பத்து மூன்று நிமிட வீடியோ. நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

படத்தின் பெயர் 'எட்டாம் தூதன்'. 2004இல் வந்தது. எதிரி நாட்டு எல்லை ஊர் ஒன்றில் கடிகாரம் பழுதுபார்ப்பவனாக ஒளிந்திருக்கும் நம் நாட்டு உளவாளியின் கதை. கதாநாயகன் ஜெயதீபன். அது தயாரிப்பாளரின் ஜோசியர் வைத்த பெயர். அவர் கணக்குப்படி அந்தப் பெயருக்குப் படம் நூறு நாள் ஓடியிருக்க வேண்டும். ஒன்பது நாள் ஓடியது. ஜெயதீபன் மறுபடி கோபால்சாமி ஆனார். என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு மலையில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் கூடவே காவலூருக்கு வந்து, மலைக்காரர்களிடம் புளியும் சாமையும் வாங்கி வாணியம்பாடிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ஒரு வாரப் பத்திரிகை எழுதியது: "கதாநாயகனைவிட அவர் பழுதுபார்க்கும் கடிகாரங்கள் நன்றாக நடித்திருக்கின்றன. அவற்றுக்காவது இரண்டு முள் அசைகிறது." இவருக்கு அது மனப்பாடம். கல்யாணமான புதிதில் ஒருமுறை, பாடம் ஒப்பிப்பது மாதிரி எனக்குச் சொல்லிக் காட்டினார்.

இப்போது அதே முகத்துக்கு 'உள்ளடங்கிய நடிப்பு' என்று பெயராம். ஃபெயிலான பையனுக்கு மறுமதிப்பீட்டில் சென்டம் போட்டிருக்கிறார்கள். இந்த உள்ளடங்கிய நடிப்பை நான் பதினெட்டு வருடமாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு இலவசமாகப் பார்க்கிறேன். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தாலும் அதே முகம்தான்.


ஜனவரி 22, புதன்

வீடியோவைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "தலமுடி நல்லா இருந்துச்சு, இல்ல?" என்றார். தராசுப் பக்கம் போய்விட்டார்.


ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு ஒன்பதரைக்கே வீடு. வேலை எதுவும் ஓடவில்லை. உட்கார்ந்து பின்னூட்டங்களைப் படித்தேன். ஆயிரத்து எண்ணூறு இருக்கின்றன. "இவர் மட்டும் கொரியாவில் பிறந்திருந்தால்" என்று ஒருவர் ஏங்கியிருக்கிறார். "கண்ணாலேயே பேசுகிறார்" என்று இன்னொருவர். எங்கள் வீட்டில் கண்ணும் பேசாது, வாயும் பேசாது, மிக்சி மட்டும்தான் பேசும். "நான் 2004லேயே தியேட்டரில் அழுதேன்" என்று எழுபது பேராவது எழுதியிருக்கிறார்கள். இத்தனை பேர் அழுதிருந்தால் பத்தாவது நாளும் படம் ஓடியிருக்கும்.

நானும் தியேட்டரில்தான் பார்த்தேன். சந்தவாசல் சினிமாக் கொட்டாயில், தங்கை வடிவுடன், கல்லூரி முடித்த வருடம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. படத்தின் நடுவில் உளவாளியின் பெண்டாட்டி என்ன ஆனாள் என்றே தெரியாது. இவன் பாட்டுக்கு எதிரி அதிகாரியுடன் உட்கார்ந்து டீ குடிப்பான். "மூஞ்சக் கழட்டி மாட்டுடா" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கொட்டாயே சிரித்தது. மூன்று வருடம் கழித்து அந்த மூஞ்சி என்னைப் பெண் பார்க்க வந்தது. அன்று நான் சிரித்ததை இவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

எழுதுவது எழுதுகிறேன், இதையும் எழுதிவிடுகிறேன். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தது அப்போது. வெறுத்தது பிறகு. 2011 மார்ச், வேலூர் ஆஸ்பத்திரி. எங்கள் பெண் பிறந்த இரண்டாம் நாள் போய்விட்டாள். நான் கட்டிலில் கிடந்து கத்திக்கொண்டிருந்தேன். இவர் கதவோரம் நின்றார். அதே முகம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை. பதினான்கு வருடமாகச் சமைக்கிறேன், பள்ளிக்குப் போகிறேன், வருகிறேன், சிரிக்கவும் செய்கிறேன். மன்னிக்கவில்லை. நான்கு லட்சம் பேர் மாற்றி மதிப்பெண் போடட்டும். நான் போட்டது போட்டதுதான்.


பிப்ரவரி 2, ஞாயிறு

வீடியோக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். பெயர் அன்பரசன், ஆம்பூர்க்காரர். வயது இருபத்தாறு, தாடிக்கு மட்டும் நாற்பது இருக்கும். பைக்கில் மலையேறி வந்து, வாசலில் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தவரிடமே "ஜெயதீபன் சார் வூடு எதுண்ணா?" என்று கேட்டிருக்கிறார். "அப்டி யாரும் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார் இவர். அதுவும் பொய்யில்லை.

நான் வெளியே வந்துதான் உண்மையைச் சொன்னேன். அப்போது பச்சையம்மா புளி போட வந்திருந்தார். மேலே மலைக்கிராமம். வருடா வருடம் எங்களிடம்தான் போடுவார். இவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் டீச்சரம்மா, சாரு சினிமாக்காரரா? பத்து வருசமா வந்து போறேன், ஒரு வார்த்த சொல்லல பாரு. உளவாளின்னா இவருதான் உளவாளி."

அன்பரசன் உட்காரவே இல்லை. "சார், மார்ச் ஒம்போதாம் தேதி வேலூர்ல ஒரு ஷோ போட்றோம். புது பிரிண்ட்டு. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுனாப் போதும்."

"எனக்குப் பேச வராது தம்பி."

"பேசாம நின்னாக்கூடப் போதும் சார்."

அந்த வேலைக்கு இவரைவிட்டால் ஆளில்லை என்று நான் சொல்லவில்லை. டீ போடப் போனேன்.

இவர் தியேட்டருக்குள் கால் வைத்து இருபத்தொரு வருடம் ஆகிறது. படம் வந்த இரண்டாம் நாள் ரசிகர்களைப் பார்க்கிறேன் என்று வேலூர் போனவர், கூட்டம் கத்திய கத்தலில் இடைவேளையிலேயே ஆபரேட்டர் அறை வழியாக வெளியே வந்தார். அதே வேலூருக்குத்தான் பையன் கூப்பிடுகிறான். "வரல தம்பி" என்றார்.

பையன் என் பக்கம் திரும்பினான். "மேடம், அந்த வாட்ச் சீன நீங்க எத்தன வாட்டி பாத்திருப்பீங்க?"

"எந்த வாட்ச் சீன்?"

"பொண்டாட்டி செத்த சேதி வரும். எதிர்ல எதிரி ஆபீசர் குந்தியிருப்பான். சார் ஒண்ணும் தெரியாத மாதிரி வாட்ச் ரிப்பேர் பண்ணிட்டே இருப்பாரு. அந்த ஏழு நிமிசம்தான் மேடம் படமே."

"அப்டி ஒரு சீன் படத்துல இல்லயே" என்றேன். முழுப் படமும் பார்த்தவள் நான்.

ஒன்றும் ஒன்றும் மூன்று என்று கணக்கு டீச்சரே சொன்ன மாதிரி என்னைப் பார்த்தான். போகும்போது ஒரு பென் டிரைவை டீவி மேல் வைத்துவிட்டுப் போனான்.


பிப்ரவரி 3, திங்கள்

"அந்தச் சீன் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார். ஏழு நிமிடக் காட்சிக்கு ஒரு சொல்.


பிப்ரவரி 8, சனி

படவேட்டில் வடிவு வீட்டுப் புதுமனை புகுவிழா. திரும்பும் வழியில் சந்தவாசலில் இறங்கினேன். கொட்டாய் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அங்கே ஆபரேட்டராக இருந்த கிருஷ்ணன் அண்ணன் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறார்.

"எட்டாம் தூதனா? நல்லாத் தெரியும்மா. பத்தாவது ரீல நாங்க ஓட்டல" என்றார், பால் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற குரலில்.

"ஏண்ணா ஓட்டல?"

"படம் ரெண்டே முக்கா மணி நேரத்துக்கு மேல. ஆறரை ஆட்டம் உட்டா இடைவேள சேத்து ஒம்போது முப்பத்தஞ்சு ஆயிரும். படவேட்டுக்குக் கடைசி பஸ்ஸு ஒம்போதரை. பஸ்ஸு போய்ட்டா ஜனம் நடந்தா போவும்? அடுத்த படத்துக்குக் கொட்டாய் பக்கமே வராது. நீளப் படம் எது வந்தாலும் ஒரு ரீலு பொட்டிலயேதான் கெடக்கும்."

"அதுக்கு அந்தப் பத்தாவதுதான் கெடச்சுதா?"

"பாட்டு ரீலத் தொட்டா அடிக்க வருவாங்க. சண்ட ரீலத் தொட்டா சீட்டக் கிழிப்பாங்க. நான் எல்லாத்தையும் பாத்துத்தான்மா எடுத்தேன். பத்தாவதுல இன்னா கீது? ஒரு ஆளு குந்திக்கினு வாட்ச் ரிப்பேர் பண்றான்." டீயை ஆற்றி நீட்டினார். "உன்னயும் உன் தங்கச்சியயும் சேத்துதான் பத்தரமா வூட்டுக்கு அனுப்புனோம்."

அது உண்மை. அந்தப் பஸ்ஸில்தான் போனோம். படவேடு வரைக்கும் அந்த முகத்தைச் செய்து காட்டிச் சிரித்துக்கொண்டே போனோம்.

கிருஷ்ணன் அண்ணனிடம் கோபித்து என்ன செய்ய? அவராவது ஜனங்களை வீடு சேர்க்கத்தான் ரீலை எடுத்தார். பத்திரிகைக்காரர் சென்னையில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அவருக்கு எந்த பஸ் போனதோ தெரியவில்லை.


பிப்ரவரி 11, செவ்வாய்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். ஆண்டு விழாவுக்கு 'நடிகர் ஜெயதீபன் அவர்களை' அழைக்கலாமா என்று கேட்கிறார். போன வருட ஆண்டு விழாவில் நடிகர் ஜெயதீபன் அவர்கள் நூற்றைம்பது நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிவைத்தார்கள். யாரும் கும்பிட்டதாக எனக்கு நினைவில்லை.


பிப்ரவரி 15, சனி

பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு, பள்ளியில் ஹைடெக் லேபைத் திறந்து பென் டிரைவைச் செருகினேன். டீச்சர் பொய் சொல்லக் கூடாது. உளவாளியின் மனைவி சொல்லலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் பழைய படம்தான். பனிமலை என்று தெர்மாகோலைக் கொட்டியிருக்கிறார்கள். எதிரி நாட்டு ஜெனரல் மதுரைத் தமிழ் பேசுகிறார். உளவாளி ரகசியமாக ஒளியும் இடத்தில் கதாநாயகி இருபது பேரோடு ஆடுகிறாள். இதையெல்லாம் கொண்டாடுவதற்கும் யாராவது ஒரு வீடியோ போடுவார்கள்.

பிறகு அந்த இடம் வந்தது. பழுதுக்கு வந்த கடிகாரத்துக்குள் ஒரு சேதிச் சீட்டு. ஊரில் மனைவி இறந்துவிட்டாள். எதிரே அதிகாரி உட்கார்ந்து தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். இவர் "ஆமாங்க", "நல்லதுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே, மேசையில் கிடக்கும் துடைப்புத் துணியை எடுத்து நான்காக மடிக்கிறார். பிரிக்கிறார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, மறுபடி மடிக்கிறார். மறுபடி பிரிக்கிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கை மட்டும் நிற்கவில்லை.

நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இவர் கையில் ஒரு துணி இருந்தது. குழந்தையைச் சுற்ற என்று என் அம்மா கொடுத்தனுப்பிய பழைய வேட்டித் துண்டு. கதவோரம் நின்று அதை மடித்தார், பிரித்தார், மடித்தார். நான் கத்துகிறேன், இந்த ஆள் துணி மடிக்கிறான். அந்த நிமிடத்தில்தான் என் மனசு இவரை விட்டுப் போனது. துணி மடிக்கிற நேரமாடா இது — சத்தமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

சந்தவாசலில் அந்த ரீலை ஓட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்குமா? புரிந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். வசதியாக இருக்கும், பழி டீக்கடைக்குப் போய்விடும். ஆனால் ஆஸ்பத்திரியில் எந்த ரீலையும் யாரும் எடுத்து ஒளிக்கவில்லை. என் கண்ணெதிரே நடந்தது. முழுசாப் பாத்தேன். இன்னாத்தடி பாத்தே புவனா? பதினாலு வருசம். அந்தாளுக்குச் சோத்தப் போட்டுப் போட்டு மூஞ்சத் திருப்பிக்கினு —

திரையில் இவர் கை துணியோடு அப்படியே நின்றிருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.


பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். குழம்பில் காரம் சரியா என்று கேட்டேன். சரி என்றார்.


பிப்ரவரி 23, ஞாயிறு

மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன்.

"அந்தத் துணி மடிக்கிறது, டைரக்டர் சொல்லிக் குடுத்தாரா?"

கை நின்றது. "பாத்தியா?"

"பாத்தேன்."

"அவரு அழத்தான் சொன்னாரு. கண்ல கிளிசரின்லாம் போட்டாங்க. எனக்கு வரல. எங்கம்மா செத்தப்ப இன்னா பண்ணேனோ அதயே பண்றேன்னு சொன்னேன். அவங்க புடவைய மடிச்சினே நின்னேன், தூக்கினு போற வரைக்கும். சொந்தக்காரங்கள்லாம் கல்லுன்னாங்க." ஒரு புளியை எடுத்து நார் உரித்தார். "பத்திரிகைல அப்டி எழுதுனப்ப, எங்கம்மாவயே எழுதுன மாதிரி இருந்துச்சு."

பதினெட்டு வருடத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இருபத்தொரு வருடமாக அந்தக் கடிகார முள் வாக்கியத்தை ஏன் மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானம் என்று நினைத்தேன். துக்கம்.

அப்போதே ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சாக்கோடு பச்சையம்மா வந்து நின்று, "இன்னா டீச்சரம்மா, கண்ல புளித்தூசி பட்டுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.


மார்ச் 1, சனி

ஒரு புது இயக்குநர் போன் செய்தார். வில்லனுக்கு அண்ணன் வேடமாம். "நடிக்கவே வேணாம் சார், அந்த மூஞ்ச அப்டியே எடுத்துனு வாங்க போதும்." ஸ்பீக்கரில் கேட்டது. அன்று திட்டினவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மரியாதைக்குச் சொன்னாரா, நிஜமாகவே யோசிக்கிறாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள் நான்கு லட்சம் பேர்.


மார்ச் 6, வியாழன்

"வேலூர் போலாங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"எனக்கு உங்க பக்கத்துல உக்காந்து அத பாக்கணும்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "வெயிலு அடிக்கும். தண்ணி நெறைய எடுத்துக்க" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.


மார்ச் 9, ஞாயிறு

காலைக் காட்சி. கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்தோம். ஒருவருக்கும் இவரை அடையாளம் தெரியவில்லை. போஸ்டரில் இருப்பவருக்கு முடி இருக்கிறது. பக்கத்துப் பையன் இவரிடமே, "அங்கிள், மொதல்ல கொஞ்சம் ஸ்லோவா போவும், பொறுமையா பாருங்க" என்று தைரியம் சொன்னான். சரி என்று தலையாட்டினார். தெர்மாகோல் பனிக்குக்கூட விசில் அடித்தார்கள்.

அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது. முந்நூறு பேர் இருந்திருப்பார்கள், ஒரு செல்போன் வெளிச்சம்கூட இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. இவர் மடியைப் பார்த்தேன். கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்களத் தப்பா நெனச்சிட்டேங்க. இத்தன வருசமா தப்பாவே நெனச்சினு இருந்துட்டேன்."

இவர் கையை எடுக்கவில்லை. படம் முடிந்து விளக்கு போடும்வரை அப்படியே இருந்தோம்.

அன்பரசனுக்கு நாங்கள் வந்தது எப்படியோ தெரிந்துவிட்டது. மேடையில் ஏறி அறிவித்துவிட்டான். இவர் இருந்த இடத்திலேயே எழுந்து கும்பிட்டார். பக்கத்துப் பையன் வாயைப் பிளந்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், இவரை ஆபரேட்டர் அறை வழியாகத் துரத்திய அதே ஊர்க்காரர்கள். அன்று கத்தியவர்களில் இரண்டு பேராவது இன்று விசிலடித்திருப்பார்கள். மைக்கை இவர் கைக்குக் கொடுத்தனுப்பினார்கள். நிறைய நேரம் யோசித்து, "எல்லாரும் சாப்ட்டுப் போங்க" என்றார். சாப்பாடு எதுவும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஆலங்காயத்தில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார்.


மார்ச் 11, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவர் புளியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நானு பேரு வெச்சிருந்தேன்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"பொறந்த அன்னிக்கே வெச்சிட்டேன். நீ எழுந்து உக்காந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் நர்சம்மா ரிஜிஸ்டர எடுத்துனு வந்து, பேரு எதாச்சும் வெச்சீங்களான்னு கேட்டாங்க. நீ இல்லன்னு சொல்லிட்டே. அதுக்கு மேல எப்டி சொல்றது?"

'புவனாவின் பெண் குழந்தை' என்று எழுதிக்கொண்டார்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னா பேரு?"

"கவியா."

சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காபி போட யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது பி-யில் ஒரு கவியா இருக்கிறாள். இருந்திருந்தால் எங்கள் பெண்ணுக்கும் இந்த வருடம் ஒன்பதாவதுதான். ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையில் நான்தான் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறேன். "உள்ளேன் டீச்சர்" என்று சத்தம் வந்ததும் தலையைத் தூக்காமலே டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். நாளைக்கும் முதல் பீரியட் எனக்குத்தான்.